ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர்

நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தரையில் மல்லாக்கப் படுத்திருந்தார். புறா எச்சமும் உதிர்ந்த சுண்ணாம்பும் மண்டிக் கிடந்த தரை. அதன்மேல் ஒரு துண்டுகூட விரிக்காமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, காமிராவை மார்பில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

“ஒண்ணும் ஆவல மேடம். இங்க ஒரு கட்டில் இருந்திருக்கு. கால் பதிஞ்ச தடம் பாருங்க, நாலு. இதுல படுத்திருந்தவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு பாக்கறேன்.”

நானும் அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி இல்லாத ஒரு கொக்கி. அதைச் சுற்றி மழைநீர் ஊறிய கறை. வேறொன்றும் இல்லை. அவர் அந்தக் கறையை ஆறேழு படங்கள் எடுத்தார். எழுந்து, முதுகைத் தட்டிக்கொள்ளாமலேயே அடுத்த கட்டில் இருந்த இடத்தில் போய்ப் படுத்தார்.

அது ஒரு மனநல மருத்துவமனை. செகந்திராபாத்துக்கு வடக்கே, பாறைக் குன்றுகளுக்கு நடுவில், ஏதோ ஓர் அறக்கட்டளை நடத்தியது. மூடிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஹைடெக் சிட்டிப் பக்கம் வாரத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. கோயம்புத்தூரிலிருந்து வந்து குகட்பள்ளியில் குடியிருந்த நான், மென்பொருள் சோதிக்கும் வேலையில் வாரம் ஆறு நாளைத் தொலைத்துவிட்டு, ஏழாவது நாள் காமிராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என்னைப் போல எட்டுப் பத்துப் பேர் இருந்தோம். ஆளுக்கொரு பெரிய காமிரா. கோட்டைகள், ஏரிகள், சார்மினார் எல்லாம் எடுத்து அலுத்துப்போய், யாரோ சொன்னார்கள் என்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். காவல்காரர் ஒரு கிழவர். பெயரையும் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுத் திறந்துவிடுவார். எங்களுக்கு முன்பே பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நோட்டில் இவர் பெயர் மட்டுமே இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

இவர் எங்கள் கூட்டத்து ஆள் இல்லை. ரயில்வேயில் கட்டட வரைபடம் போடும் வேலை. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மாரெட்பள்ளியில் நிலைத்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லமாட்டார், ‘நக்கோ’ என்பார். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நாங்கள் எடுத்த படங்கள் வேறு மாதிரி. வாசலில் நின்றுகொண்டு நீளமான வராந்தா, சாய்ந்து விழும் வெயில், துருப்பிடித்த சக்கர நாற்காலி. பார்க்கிறவர்களுக்கு முதுகு சில்லிட வேண்டும். எங்களில் ஒரு பையன் வீட்டிலிருந்து கை உடைந்த பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து, உடைந்த கட்டில்மேல் வைத்துப் படம் எடுக்கத் தயாரானான். இவர் போய் அந்தப் பொம்மையை எடுத்தார். தூசி தட்டி, குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார்.

“நக்கோ தம்பி. இது இங்க இருந்தது இல்லியே.”

“சும்மா ஒரு எஃபெக்டுக்கு அங்கிள்.”

“இங்க இருந்தவங்க யாரும் எஃபெக்டுக்காக இருக்கல.”

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று முழுக்க எங்கள் கூட்டம் அவரை வைத்துக் கேலி பேசியது. நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பி வரும்போது எங்கள் வண்டியில் இடம் இருந்தது. அவர் பஸ்ஸுக்கு நடந்து போவதைப் பார்த்தும், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் எடுத்த படங்கள், படமாகப் பார்த்தால் சுமார்தான். கூரை. சுவரில் ஓர் ஆணி. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தால் கண்ணுக்கு நேரே வரும் சுவர்ப் பகுதி, அதில் விரலால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான ஓர் இடம். அந்த வழவழப்பைப் பார்த்த பிறகு எனக்குச் சக்கர நாற்காலியைப் படம் எடுக்கப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் வேறு இடங்களைத் தேடிப் போனார்கள். நான் மட்டும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது அங்கே போனேன்.

அவருடைய இந்தப் பழக்கம் அந்தக் கட்டடத்தோடு நின்றதல்ல. ஒருநாள் மாலை, நான் கேட்டிருந்த சில படங்களைத் தர எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மாமனார் அப்போது பக்கவாதத்தில் படுத்திருந்தார். பேச்சு போய்விட்டது, கழுத்தும் திரும்பாது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட ஆரம்பிப்பார். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை போட்டால் அடங்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த அறை வாசலில் நின்று, “எப்படி இருக்காரு?” என்று எங்களைக் கேட்பார்கள். இவர் கேட்கவில்லை. நேரே உள்ளே போனார்.

“ஐயா, கொஞ்சம் பக்கத்துல வரட்டுமா?” என்று மாமனாரிடமே கேட்டார். கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு, மாமனாரின் தலையணையில் தன் தலையையும் வைத்துக்கொண்டார்.

“மேடம், லைட்டப் போடுங்க.”

போட்டேன். மாமனார் முனக ஆரம்பித்தார். இவர் ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டு எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் வந்திருந்தது.

“ட்யூப்லைட் நேரா கண்ணுக்குள்ள குத்துது மேடம். அவரால மூஞ்சியத் திருப்ப முடியல. கட்டில மாத்திப் போட்டுடலாம்.”

என் கணவரும் அவருமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். மாமனார் அடங்கினார். அன்று மாத்திரை தேவைப்படவில்லை. மறுநாளும் தேவைப்படவில்லை.

“நாலு மாசமா நம்ம யாருக்கும் தோணலயே” என்றார் என் கணவர். நான் காபி போடுவதுபோல அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். நாலு மாதமும் அந்த மாத்திரையைக் கொடுத்தது என் கைதான்.

அவர் ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. சில பேரின் இயல்பு அது என்று நினைத்தேன். தெரியவந்தது ஒரு மழைக்காலத்தில்.

அந்த ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவு மட்டும் மூன்று கட்டடங்கள். படுத்துப் பார்க்கும் வேலையை முடித்துவிட்டு, அப்போது அவர் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். கட்டிலின் உயரத்துக்குச் சரியாக அளந்து செய்த மர முக்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். கட்டில் தடம் இருந்த இடத்தில் அதைப் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். சில இடங்களில் உடனே எழுந்துவிடுவார். சில இடங்களில் கால் மணி நேரம். நான் அடுத்த அறையில் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“மேடம்.” குரல் வித்தியாசமாக இருந்தது. “கொஞ்சம் இங்க வாங்க. இதுல உக்காருங்க.”

முக்காலியில் உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் முள்காடு. அதைத் தாண்டி இந்த ஊருக்கே உரிய பாறைக் குவியல்கள்.

“என்ன தெரியுது?”

“பாறைங்க சார்.”

“நல்லாப் பாருங்க. அவசரமில்ல.”

பார்த்தேன். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “அட, ரெண்டு பேர் உக்காந்து பேசிட்டு இருக்கற மாதிரியே இருக்குதுங்க சார். இந்தப் பக்கம் ஆம்பளை. அது பொம்பளை, முக்காடு போட்டிருக்குது.”

திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்று மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். நின்றபடி பார்த்தபோது அந்த இரண்டு பேரும் இல்லை. பின்னாலிருந்த குன்று எழும்பி வந்து, எல்லாம் ஒரே கல் குவியலாகத் தெரிந்தது. உட்கார்ந்தால் மட்டுமே அந்த இரண்டு பாறைகளும் வானத்தின் முன்னால் தனியாகத் தெரிந்தன, ஒருவர் பக்கம் ஒருவர் சாய்ந்தபடி.

தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

அவருக்கு ஓர் அக்கா இருந்தார். இருபத்திரண்டு வயதில் மனநிலை சரியில்லாமல் போனது. சாப்பிடாமல், தூங்காமல், தெருவில் இறங்கி ஓடினார். நோய் இருந்தது உண்மை, அதில் இவருக்குச் சந்தேகம் இல்லை. அவர்களுடைய அப்பா அந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டாவது வருஷம் அப்பா இறந்துபோனார். அப்புறம் பொறுப்பெல்லாம் இவருக்கு. மாதத்தில் முதல் ஞாயிறு பார்க்கலாம். பார்வையாளர்கள் உள்ளே போகக் கூடாது, முன்கூடத்துக் கம்பித் தடுப்பு வரைக்கும்தான். பதினைந்து நிமிஷம்.

“நாலு வருஷத்துல நல்லாத் தேறிட்டா மேடம். நல்லாப் பேசினா. டாக்டரே கூப்ட்டு, அடுத்த மாசம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னார். கடைசியா ஒண்ணு கேட்டாரு. உங்க கிட்ட வேற ஏதாவது வித்தியாசமாச் சொல்றாங்களான்னு.”

மழை தூற ஆரம்பித்திருந்தது.

“அக்கா என்கிட்ட ஒண்ணு சொல்லுவா. என் ஜன்னலுக்கு வெளிய ரெண்டு பேர் உக்காந்து பேசிட்டே இருக்காங்கடா, ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, மழ வந்தாக்கூட எழுந்து போறதில்லன்னு. நான் அத டாக்டர்கிட்ட சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு. வீட்டுக்கு அனுப்பறது நின்னு போச்சு. மருந்த ஏத்தினாங்க. அதுக்கப்புறம் அவளுக்கு நாக்கு குழறிப்போச்சு. அந்த ரெண்டு பேரப் பத்தி மறுபடி சொல்லவே இல்ல. யாரப் பத்தியும் சொல்லல.”

“அது பாறைன்னு உங்களுக்கு எப்படிங்க சார் தெரியும்? நீங்க பாக்கலியே.”

“உள்ள விட மாட்டாங்க. ஆனா டாக்டர் கேட்டப்ப, ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லிருக்கலாம். எனக்குத் தோணல. ஏன் தோணல, அதையும் சொல்றேன். அப்ப எனக்குக் கல்யாணம் பேசிட்டு இருந்தாங்க. பொண்ணு வீட்ல அக்கா விஷயம் சொல்லல. அவ அடுத்த மாசம் வரான்னு சொன்னதும் எனக்குப் பயமாப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு டாக்டர் சொன்னதும், வெளிய வந்து ரோட்ல நின்னேன். நெஞ்சு லேசா இருந்துச்சு மேடம். எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. நெஞ்சு லேசா இருந்துச்சு.”

நான் என்ன சொன்னாலும் அது வாசலில் நின்று சொல்வதாகத்தான் இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி மூடியபோது, அழைத்துப்போக ஆள் வராதவர்களை வேறு வேறு இல்லங்களுக்கு மாற்றினார்களாம். அவருடைய அக்கா நகரத்தின் மறுகோடியில் ஓர் இல்லத்தில் இருந்தார். அங்கேயும் இவர் மாதம் ஒருமுறை போய், பார்வையாளர் அறையில் உட்கார்ந்து, பழம் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

அன்று எடுத்த படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுக்கொண்டு கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். பார்வையாளர் அறையில் அவர் உட்காரவில்லை. “அவங்க ரூமுக்குப் போலாமா?” என்று கேட்டார். “தாராளமாப் போங்க, இங்க யாரும் தடுக்கறதில்லயே” என்றாள் அங்கிருந்த பெண். இத்தனை வருஷமும் அவர் கேட்டதே இல்லையாம்.

அக்காவுக்கு ஐம்பது வயதுக்குள்தான். தலை முழுக்க நரைத்து, முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மருந்தினால் கைகளில் இலேசான நடுக்கம். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவர், தம்பியை அறைக்குள் பார்த்ததும் கொஞ்சம் மிரண்டார். இவர் படத்தை அவர் மடியில் வைத்தார்.

அக்கா அதை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அழுவார், கத்துவார், இல்லை ஒன்றுமே புரியாமல் போய்விடும் என்றெல்லாம் நினைத்தேன்.

“இந்தப் பொம்பள கால்கிட்ட ஒரு சீத்தாச் செடி இருந்துச்சே” என்றார், நாக்கு கொஞ்சம் குழற. “யாரு வெட்டினது?”

“தெரியலக்கா” என்றார் இவர். அக்காவின் காலடியில் உட்கார்ந்து, “நீ சொன்னது நெஜம்தான்க்கா. நான்தான் பாக்கல. நான்தான் போய் டாக்டர்கிட்ட சொன்னேன்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், “எனக்கு அது பாறைன்னு தெரியும்டா” என்றார். “மனுஷங்கன்னா மழைக்கு எழுந்து போவாங்கல்ல.”

அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம். பொழுதுபோகாத ஒரு பெண், ஜன்னல் வழியாகப் பார்த்த கல்லைப் பற்றித் தம்பியிடம் வேடிக்கையாகச் சொன்னது. அவ்வளவுதான் அது.

அதன் பிறகு அவர் அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தார். இவருக்கு அக்கா ஒருத்தி இருப்பது மனைவிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். தெரிந்தபோது மறைத்ததற்காகக் கோபப்பட்டாரே தவிர, அக்காவை ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. “இவரு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் அன்னைக்கே வரட்டும்னு சொல்லிருப்பேன்” என்று என்னிடம் சொன்னார். அதை இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தெருப்பக்கம் ஜன்னல் வைத்த அறையை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். அக்கா பன்னிரண்டு நாள் இருந்தார். கல்லூரிக்குப் போகும் தம்பி மகள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொன்னாள், அக்காவுக்கு அது விளங்கவில்லை. காலையில் எழுந்து குளித்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பதிமூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

“அங்க நான்தான்டா காய் நறுக்கணும். அறுபது பேருக்கு. நான் போலன்னா லேட்டாயிடும்.”

இவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அக்கா கோபப்படவில்லை. “உன் வீடு நல்லாருக்கு” என்றார். “எனக்குப் பழக்கமில்ல.”

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்று எனக்குப் போன் செய்தார். “அவ வர வேண்டிய வயசு தாண்டிடுச்சு மேடம்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் படம் எடுக்கப் போனதாக எனக்குத் தெரியவில்லை. ஞாயிறுதோறும் அந்த இல்லத்துக்குப் போய்விடுவார். அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலை முழுக்கக் காய் நறுக்குவார்.

எங்களுக்குக் கோயம்புத்தூருக்கே மாற்றல் வந்தது. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்திய ஞாயிறு, சொல்லிக்கொள்ள அங்கே போனேன். அந்த வாரம்தான் பழைய ஆஸ்பத்திரி நிலத்தில் வேலை ஆரம்பித்திருந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறதாம். கட்டடங்களை இடித்துவிட்டு, சுற்றியிருந்த பாறைகளுக்கு வெடி வைத்துவிட்டார்கள்.

“அக்காகிட்ட சொல்லாதீங்க சார்” என்றேன் வாசலிலேயே. “அவங்களுக்கு எதுக்குங்க?”

“என் வீட்லயும் அதான் சொன்னாங்க” என்றார். “நக்கோ மேடம். அவளுக்கு எது தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு நாங்க எல்லாம் முடிவு பண்ணினது போதும்.”

சமையற்கட்டை ஒட்டிய தாழ்வாரத்தில் அக்கா ஒரு கூடை அவரைக்காயை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் எதிரில் அமர்ந்து, நாலைந்து காய்களுக்கு நார் உரித்த பிறகு சொன்னார்.

“அக்கா, அந்தப் பாறைய ஒடச்சுட்டாங்க. வெடி வெச்சு.”

அக்காவின் கை நின்றது.

“ரெண்டையுமா?”

“ஹவ்.”

“பக்கத்துல ஆளுங்க யாரும் இல்லியே?”

“இல்லக்கா.”

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். மறுபடி காயை எடுத்தார். நடுங்கும் விரல்களால் நாரைக் கிள்ளி, ஒரே இழுப்பில் அடிவரை உரித்தார். இவரால் உரிக்க முடியவில்லை. கையில் ஒரு காயை வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, குனிந்தே உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூடையை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, என்னையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தம்பியின் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அழணும்னா அழுதுக்கடா. இங்க யாரும் எழுதிக்க மாட்டாங்க.”